மேட்டுநிலத்து மோட்டார் படகு

கடலை விட்டு நெடுந்தொலைவு வந்து பெங்களூரில் குடியேறிய நமக்குப் படகினால் ஆவது யாது என்று முன்பு கேட்டிருப்போம். 2022ஆம் ஆண்டு செப்டம்பர்த் திங்களில் பெய்த பெருமழை அதற்கு விடை கூறிற்று. சர்ஜாப்பூர்ச் சாலை, பெல்லந்தூர்ப் பகுதிகளில் தெருக்கள் வெள்ளக்காடாயின. மக்களைப் படகுகளிலும் டிராக்டர்களிலும் ஏற்றிக் கரை சேர்த்தனர். 2015ஆம் ஆண்டு டிசம்பரில் சென்னை வெள்ளத்தில் தவித்தபோதும், மீனவர்கள் தம் படகுகளைக் கொண்டுவந்து பல உயிர்களைக் காத்தனர். மீட்புக்கென ஒரு சிறு மோட்டார் படகு வைத்திருக்கலாம் என்னும் எண்ணம் எந்தச் சங்கத்துக்கும் எழுவது இயல்பே.

படகு வாங்குவோர் முதலில் கேட்பது எஞ்சினின் குதிரைத்திறன். ஆனால் அத்திறனை நீரில் உந்துவிசையாக்குவது ப்ரொப்பெல்லர் என்னும் சுழல் விசிறி. அது பொருந்தாவிடின் திறன் மிகுந்தும் பயன் குறையும்.

விசிறிக்கு இரண்டு அளவுகள் முதன்மையானவை. ஒன்று விட்டம். மற்றொன்று பிட்ச், திருகாணி ஒரு சுற்றில் மரத்தினுள் இறங்கும் தூரம் போன்றது அது. பிட்ச் 13 அங்குலமாயின், ஒரு சுற்றில் படகு 13 அங்குலம் முன்னேற வேண்டும். நீர் நெகிழ்ந்து கொடுப்பதால் அதனினும் சற்றுக் குறைவாகவே முன்னேறும். பிட்ச் மிகுந்தால் வேகம் கூடும் என்று பலர் எண்ணுவர். எஞ்சினால் அதனைச் சுழற்ற முடிந்தால்தானே வேகம்! 1837ஆம் ஆண்டு இலண்டன் கால்வாயொன்றில் பிரான்சிஸ் பெட்டிட் ஸ்மித் ஓட்டிய சோதனைப் படகில், மரத்தாலான திருகு பாதி முறிந்து போயிற்று. படகோ முன்னினும் விரைந்து சென்றது.

பெங்களூர் கடல் மட்டத்துக்கு ஏறத்தாழ 3,000 அடி உயரத்தில் உள்ளது. இங்கே காற்றின் அடர்த்தி குறைவு. 1,000 அடிக்கு நூற்றுக்கு மூன்று பங்கு என்ற கணக்கில், சாதாரணச் சிறு எஞ்சின் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கு திறனை இழக்கும். சென்னையில் செவ்வனே சுழன்ற விசிறி இங்கே எஞ்சினுக்குச் சுமையாகும். மேட்டில் மேல் கியரில் ஏறும் லாரி போல அது திணறும். ஆட்கள் நிறைய ஏறினால் திணறல் இன்னும் மிகும்.

சோதிக்கும் முறை எளிது. வழக்கமாக ஏற்றும் பாரத்துடன் படகை முழு வேகத்தில் ஓட்டிச் சுழற்சிமானியைப் பார்க்க வேண்டும். எஞ்சின் செய்தோர் நிமிடத்துக்கு 5,000 முதல் 6,000 சுற்று என்று குறித்திருக்க, 4,700க்கு மேல் ஏறவில்லையெனில், பிட்ச் குறைந்த விசிறி தேவை. ஓர் அங்குலம் குறைத்தால் 150 முதல் 200 சுற்று வரை கூடும். அதே படகைக் கடற்கரைக்குக் கொண்டு சென்றால் பழைய விசிறியையே மாட்டுக. இல்லையேல் எஞ்சின் அளவு மீறிச் சுழலும்.

மற்றொன்றும் மறவற்க. நீரில் தத்தளிப்பவரைப் படகில் ஏற்றுமுன் எஞ்சினை அறவே நிறுத்திவிட வேண்டும். காக்க வந்த விசிறியே காலை வெட்டிவிடக் கூடாது.

வெள்ளம் வந்தபின் விசிறியை ஆராய நேரமிராது. படகு வைத்திருக்கும் அன்பர்கள் மழைக்காலத்துக்கு முன்னரே இச்சோதனையைச் செய்து வைக்குமாறு வேண்டுகிறோம்.