மெஷினுக்கு இருபது வயது, லேப்டாப்புக்கு இரண்டு

கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் கொஞ்சம் வயதான ஆலை ஏதாவது ஒன்றின் கன்ட்ரோல் ரூமுக்குள் போய், பழைய பேனல் கதவு ஒன்றைத் திறந்து பாருங்கள். கதவின் உட்பக்கம் ஒரு பை ஒட்டியிருக்கும். உள்ளே எண்ணெய்க் கறை படிந்த வயரிங் டிராயிங், பேனல் செய்து கொடுத்தவர்களின் டெஸ்ட் ரிப்போர்ட், இவற்றுக்கு நடுவே ஒரு சிடி. அதன் மேல் மார்க்கர் பேனாவில் ‘பிஎல்சி புரோகிராம் – ஃபைனல்’ என்று எழுதியிருக்கும். பக்கத்திலேயே ‘ஃபைனல் 2’ என்று இன்னொன்றும் இருக்கலாம். இரண்டில் எது நிஜமான ஃபைனல் என்பது கமிஷனிங் செய்துவிட்டுப் போன இன்ஜினியருக்கே வெளிச்சம்.

அந்த சிடி வருடக்கணக்கில் யாருக்கும் தேவைப்படாது. தேவைப்படும் நாளில் அது இல்லாமல் ஆகாது. மெஷினை இயக்கும் குட்டிக் கணினிகளான பழைய பிஎல்சிகள் பலவும் தங்கள் புரோகிராமை ரேமில் வைத்துக்கொண்டு, மின்சாரம் இல்லாத நேரத்தில் ஒரு சின்ன லித்தியம் பேட்டரியின் தயவில் அதைக் காப்பாற்றுபவை. பேட்டரி தீரப்போகிறது என்று விளக்கு எரிந்திருக்கும். யாரும் கவனித்திருக்க மாட்டார்கள். ஞாயிறு ஷட்டவுன் முடிந்து திங்கள் காலை பவர் போட்டால் மெஷின் ஒன்றும் தெரியாமல் நிற்கும். புரோகிராமைத் திரும்ப ஏற்றியாக வேண்டும். மெயின்டனன்ஸ் இன்சார்ஜ் சிடியை எடுத்து நீட்டுவார். டிப்ளமோ முடித்து வந்திருக்கும் டிரெய்னி லேப்டாப்பை நான்கு பக்கமும் திருப்பிப் பார்ப்பான்.

“சார், இதுல சிடி போட இடமே இல்ல.”

“வெளில மாட்டுற டிரைவ் ஒண்ணு இருக்கும் தம்பி. அக்கவுண்ட்ஸ்ல போய்க் கேளு.”

ஒரு மெஷின் இருபது, இருபத்தைந்து வருடம் ஓடும். லேப்டாப் நான்கைந்து வருடத்தில் மாறிவிடும். இந்த இரண்டு ஆயுளுக்கும் நடுவே விழுந்த இடைவெளியை நிரப்பத்தான், வெளியே மாட்டும் சிடி டிரைவ் என்கிற, உள்ளங்கையைவிடச் சற்றுப் பெரிய அந்தக் கறுப்பு டப்பா இன்னும் விற்றுக்கொண்டிருக்கிறது. பழைய பாட்டு, பழைய படம் என்று ஏங்குபவர்கள் வாங்குவதாக நினைத்தால் பாதிதான் சரி.

லேப்டாப்பிலிருந்து சிடி டிரைவ் வெளியேறத் தொடங்கியது 2008 ஜனவரியில். ஆப்பிள் அந்த மாதம் அறிமுகம் செய்த மேக்புக் ஏர் காகித உறைக்குள் அடங்கும் அளவு மெலிசு. டிரைவை வெளியே தள்ளி, தனியாக விலைக்கு விற்றார்கள். அப்போது இங்கே யாரும் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. நமக்கு அது சிடிக்கடைகளின் காலம். அதற்கு முந்தைய வருடம்தான் மோசர் பேயர் நிறுவனம் விசிடி 28 ரூபாய், டிவிடி 34 ரூபாய் என்று படங்களை விற்கக் கிளம்பி, திருட்டு விசிடி விலைக்கே அசல் கிடைக்கச் செய்திருந்தது. 2011 செப்டம்பர் 15 அன்று தமிழக அரசின் விலையில்லா மடிக்கணினித் திட்டம் திருவள்ளூரை அடுத்த காக்களூரில் தொடங்கியபோதும், லேப்டாப் என்றால் பக்கவாட்டில் ஒரு தட்டு வெளியே வரும் என்பதே சாதாரணம். அடுத்த சில ஆண்டுகளில் எல்லாம் மாறிப்போனது. மோசர் பேயரைக் கலைத்துக் கடனை அடைக்கும்படி 2018-இல் கம்பெனிச் சட்டத் தீர்ப்பாயம் உத்தரவிட்டது. ஆப்பிளும் தன் வெளி டிரைவை 2024-இல் நிறுத்திக்கொண்டது. பதிவு செய்யக்கூடிய புளூரே வட்டுகளின் தயாரிப்பை 2025 பிப்ரவரியோடு சோனி முடித்துக்கொண்டது.

தொழிற்சாலைகளுக்கு இந்தச் செய்தி மெதுவாகத்தான் போய்ச் சேர்கிறது. 2000-க்குப் பிறகான பதினைந்து ஆண்டுகளில் இங்கே வந்திறங்கிய மெஷின்களில் பெரும்பாலானவற்றோடு ஒரு வட்டு வந்தது: டிரைவ்களின் பாராமீட்டர் மென்பொருள், ஸ்பெக்ட்ரோமீட்டரின் அளவுத்திருத்தக் கோப்பு, கம்ப்ரசரின் உதிரிப் பாகப் பட்டியல் என்று எதுவோ ஒன்று. திருவள்ளூர்ப் பக்கம் மண் அள்ளும் இயந்திரங்களோடு பழகியவர்களுக்கு இது இன்னும் நன்றாகத் தெரியும். இந்துஸ்தான் மோட்டார்ஸ் அங்கே நடத்திவந்த அந்தப் பிரிவைப் பிற்பாடு வாங்கிய கேட்டர்பில்லர், தன் சர்வீஸ் தகவல் தொகுப்பை வெகுகாலம் டிவிடியாகவே டீலர்களுக்கு அனுப்பியது; அப்புறம்தான் எல்லாம் இணையத்துக்குப் போனது. மெஷினைச் செய்த கம்பெனி இன்றும் இருந்தால் தளத்திலிருந்து இறக்கிக்கொள்ளலாம். கைமாறிவிட்டாலோ, மூடிவிட்டாலோ, ‘அந்த மாடலுக்கு இனி ஆதரவில்லை’ என்று கைவிரித்துவிட்டாலோ பேனல் கதவில் இருக்கும் சிடிதான் கதி.

சரி, டிரைவ் கிடைத்துவிட்டது. மாட்டியதும் ஓடிவிடுமா?

தனியாக டிரைவர் மென்பொருள் எதுவும் வேண்டாம். விண்டோஸ், மேக், லினக்ஸ் மூன்றும் இதைத் தாமாகவே அடையாளம் கண்டுகொள்ளும். தகராறு செய்வது பெரும்பாலும் மின்சாரம். வட்டைச் சுழற்றத் தொடங்கும் அந்த முதல் சில நொடிகளில் மோட்டார் அதிகம் இழுக்கும். யூஎஸ்பி 2 போர்ட்டின் அதிகாரபூர்வ வரம்பு 500 மில்லிஆம்பியர், யூஎஸ்பி 3-இல் 900. லேப்டாப்பில் இருப்பதே இரண்டு டைப்-சி போர்ட்தான் என்று, மவுஸும் பென் டிரைவும் ஏற்கெனவே தொங்கிக்கொண்டிருக்கும் மலிவான ஹப் ஒன்றில் டிரைவையும் சொருகினால், விளக்கு மினுக்கும், டிக் டிக் என்று சத்தம் வரும், திரையில் டிரைவ் தோன்றி மறையும். “டிரைவ் டூப்ளிகேட் சார்” என்று கடைக்காரர் தலையில் பழி விழும். ஹப்பைக் கழற்றிவிட்டு நேராக லேப்டாப்பில் சொருகிப் பாருங்கள், சார்ஜரையும் போட்டுக்கொள்ளுங்கள். பாதிப் பேருக்கு அதோடு தீரும். சில டிரைவ்களின் கேபிள் முனை இரண்டாகப் பிரிந்திருக்கும். இரண்டாவது முனை உபரி மின்சாரத்துக்கு, அழகுக்கு அல்ல.

அடுத்த சிக்கல் மென்பொருளில். வட்டு ஓடும், கோப்புகள் தெரியும், ‘செட்டப்’பை அழுத்தினால் இந்தக் கணினியில் இயங்காது என்று வரும். விண்டோஸ் 95, 98 காலத்து நிறுவல் கோப்புகள் பல 16-பிட் வகை; இன்றைய 64-பிட் விண்டோஸில் அவை அசையாது. டிரைவை மாற்றிப் பயனில்லை. பழைய எக்ஸ்பியை மெய்நிகர் கணினியாக உள்ளே ஏற்றி, அதில் ஓட்ட வேண்டும். இதெல்லாம் முடிந்து, பிஎல்சியோடு பேச ஒரு சீரியல் கேபிள் வேண்டும் என்பது அப்போதுதான் நினைவுக்கு வரும். அந்த போர்ட்டும் லேப்டாப்பை விட்டுப் போய்ப் பல வருடமாகிறது.

படம் பார்க்க வாங்கியவர்களுக்கும் ஒரு வார்த்தை. விண்டோஸ் 8 முதல் டிவிடி படம் ஓட்டும் வசதியை மைக்ரோசாஃப்ட் நீக்கிவிட்டது. விஎல்சி போட்டுக்கொண்டால் கல்யாண டிவிடி முதல் எல்லாம் ஓடும். வெளிநாட்டிலிருந்து சொந்தக்காரர் கொண்டுவந்த டிவிடி ஓடவில்லை என்றால் அது மண்டலச் சிக்கலாக இருக்கலாம். இந்தியா 5-ஆம் மண்டலம், அமெரிக்கா 1. டிரைவின் மண்டலத்தை ஐந்து முறைதான் மாற்ற முடியும்; ஐந்தாவதோடு அது நிலைத்துவிடும்.

என் கருத்தில், வெளி டிரைவைத் தினசரி உபயோகத்துக்கு வைத்துக்கொள்வது வீண். அது ஜாகை மாற்றும் வண்டி. ஒரு வாரம் உட்கார்ந்து, கையிலிருக்கும் வட்டுகள் அத்தனையையும் ஐஎஸ்ஓ கோப்பாக மாற்றி சர்வரிலும் ஒரு ஹார்ட் டிஸ்கிலுமாக இரண்டு இடத்தில் போட்டுவிட்டால், டிரைவைப் பீரோவில் வைத்துவிடலாம். ஐஎஸ்ஓ என்பது வட்டின் அச்சு அசலான நகல். விண்டோஸ் 8-க்குப் பிந்தையவற்றில் இரண்டு முறை சொடுக்கினால் சிடி போட்டது மாதிரியே திறக்கும். கோப்புகளை மட்டும் தேர்ந்தெடுத்து நகலெடுத்தால், வட்டின் பெயரையும் உள்ளமைப்பையும் சரிபார்க்கும் சில பழைய மென்பொருள்கள் முரண்டு பிடிக்கும். நகலெடுக்க இம்க்பர்ன் போன்ற இலவச நிரல்கள் போதும். கீறல் விழுந்து பாதியில் நிற்கும் வட்டுக்கு லினக்ஸில் டிடிரெஸ்கியூ இருக்கிறது. படிக்க முடிந்த பகுதிகளை முதலில் எடுத்துக்கொண்டு, அடம்பிடிக்கும் இடங்களுக்கு மட்டும் திரும்பத் திரும்பப் போகும். ராத்திரி முழுக்க ஓடட்டும் என்று விட்டுவிட்டுப் போக வேண்டிய வேலை. பாட்டு சிடிகளுக்கு ஐஎஸ்ஓ ஒத்துவராது, அவற்றை ஆடியோவாகத்தான் பிரித்தெடுக்க வேண்டும்.

இதைத் தள்ளிப்போடக் கூடாது என்பதற்குக் காரணம் நம் வெயில். ஆலையில் அச்சடித்து வரும் சிடியும் நாம் எரிக்கும் சிடியும் ஒரே சாதி அல்ல. அச்சடித்ததில் தகவல் குழிகளாகப் பதிந்திருக்கும். எரித்ததில் ஒரு சாயப் பூச்சில் லேசர் போட்ட சூட்டுத் தழும்புதான் தகவல். வெளிச்சமும் வெப்பமும் ஈரமும் அந்தச் சாயத்தை மங்கவைக்கும். உலைக்குப் பக்கத்து பேனலில் பதினைந்து கோடை கழித்த வட்டு திறந்தால் அதிர்ஷ்டம். மார்க்கரில் ‘ஃபைனல்’ என்று எழுதியவை எல்லாமே எரித்த வட்டுகள் என்பதையும் மறக்க வேண்டாம். துடைக்கும்போது மெல்லிய துணியால் நடுவிலிருந்து விளிம்பை நோக்கி நேர்க்கோட்டில் துடைக்க வேண்டும்; வட்டமாகத் துடைத்தால் தகவல் ஓடும் திசையிலேயே கீறல் விழும். சிடியைப் பொறுத்தவரை பளபளப்பான அடிப்பக்கத்தைவிட எழுத்துள்ள மேல்பக்கம்தான் பலவீனம். தகவல் அடுக்கு அந்தப் பக்கம், ஒரு மெல்லிய அரக்குப் பூச்சுக்குக் கீழேயே இருக்கிறது. டிவிடியில் அது இரண்டு தகடுகளுக்கு நடுவே பத்திரமாக இருக்கும்.

வெயிலைவிடப் பெரிய எதிரி ஆயுத பூஜை. பூஜைக்கு முந்தைய நாள் அலமாரிகளைக் காலிசெய்து கழுவும்போது, ‘யாருக்கும் வேண்டாத’ சிடி பெட்டி முதலில் ஸ்கிராப்புக்குப் போகும். மெஷின் மேல் சந்தனம் குங்குமம் வைத்து மாலை போட்டுவிட்டு, அதன் மூளையைப் பழைய பேப்பர்க்காரரிடம் கொடுத்துவிடுகிறோம்!

பென் டிரைவ் இருக்கும்போது வட்டு எதற்கு என்று கேட்பவர்களுக்குத் தொழிற்சாலைப் பக்கம் ஒரு பதில் உண்டு. 2010-இல் வெளிச்சத்துக்கு வந்த ஸ்டக்ஸ்நெட் நச்சுநிரல், இணையத்தோடு தொடர்பே இல்லாத ஈரானிய அணு ஆலைக் கருவிகளைத் தாக்கியது. பரவ அது பயன்படுத்திக்கொண்ட முக்கிய வழி யூஎஸ்பி பென் டிரைவ். அதற்குப் பிறகு பல ஆலைகள் யூஎஸ்பி போர்ட்டுகளை அடைத்துவிட்டன. ஒருமுறை எழுதி மூடிய சிடியில் எந்த நச்சுநிரலும் பின்னால் ஏறி உட்கார முடியாது. விண்டோஸின் நிர்வாக விதிகளிலும் சிடி, டிவிடிக்குத் தனி அனுமதி, பென் டிரைவுக்குத் தனி அனுமதி என்றே வைத்திருக்கிறார்கள். ஆகவே பென் டிரைவை ஏற்காத கம்பெனி லேப்டாப் இந்த டிரைவை ஏற்கக்கூடும். ஏற்கவில்லை என்றால் ஐடி ஆளைப் பாருங்கள், டிரைவைத் திட்டாதீர்கள்.

ஆலைக்கு வெளியே வட்டு இன்னும் உயிரோடு இருப்பது ஸ்கேன் சென்டரில். எம்ஆர்ஐ, சிடி ஸ்கேன் எடுத்தால் ஃபிலிமோடு ஒரு வட்டும் தரும் பழக்கம் முழுதாகப் போகவில்லை. வாட்ஸ்ஆப் லிங்க் இப்போதுதான் அதன் இடத்தைப் பிடித்துவருகிறது. திருவள்ளூரில் எடுத்த ஸ்கேனைச் சென்னையில் இன்னொரு டாக்டரிடம் காட்டப் போனால், அவர் மேஜையில் இருப்பதும் டிரைவ் இல்லாத லேப்டாப்தான். வீட்டிலேயே முன்கூட்டி பென் டிரைவில் ஏற்றிக்கொண்டு போவது நல்லது. ஏற்றும்போது படம் மாதிரி தெரிகிற கோப்புகளை மட்டும் பொறுக்காமல், ‘டைகாம்’ என்ற ஃபோல்டர் உட்பட வட்டில் உள்ள அனைத்தையும் எடுக்க வேண்டும். உள்ளே இருக்கும் கோப்புகளின் பெயர்கள் பெரும்பாலும் நீட்சியே இல்லாமல் வெறும் எண்களாக இருக்கும். குப்பை என்று விட்டுவிட்டால் ஸ்கேன் போச்சு.

நீதிமன்றத்துக்கும் சிடிக்கும் உள்ள உறவு தனிக் கதை. கேரளத் தேர்தல் வழக்கு ஒன்றில் பிரசாரப் பாட்டுகளும் பேச்சுகளும் அடங்கிய சிடிகளைச் சாட்சியமாகக் கொடுத்தார் பி.வி. அன்வர். சாட்சியச் சட்டத்தின் 65பி பிரிவு கேட்கும் சான்றிதழ் இல்லாததால் அவற்றை ஏற்க முடியாது என்று 2014 செப்டம்பர் 18 அன்று உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. 2024 ஜூலை 1 முதல் அந்தப் பிரிவின் இடத்தில் புதிய சாட்சியச் சட்டத்தின் 63-ஆம் பிரிவு இருக்கிறது. சான்றிதழில் கோப்பின் கைரேகை போன்ற ஹாஷ் மதிப்பையும் குறிப்பிட வேண்டும். சிசிடிவி பதிவை வட்டில் எரித்துக் கொடுக்கச் சொன்னால், எரிப்பதற்கு முன்பே ஹாஷ் எடுத்து எழுதிவைத்துக்கொள்வது புத்திசாலித்தனம்.

புது டிரைவின் விலை பிராண்டைப் பொறுத்து ஆயிரத்துக்கும் மூவாயிரத்துக்கும் இடையே இருக்கும். அதைவிட மலிவான வழியும் உண்டு. கும்மிடிப்பூண்டி வட்டாரத்தில் மின்னணுக் கழிவு பிரிக்கும் யூனிட்டுகள் இருக்கின்றன. கம்பெனிகள் கழித்துவிட்ட பழைய லேப்டாப்புகள் அங்கே வந்து உடைபடுகின்றன, நல்ல டிவிடி டிரைவோடு சேர்த்தே. உங்கள் ஸ்டோரிலும் அப்படி ஒன்று கழிவுக்குக் காத்துக்கிடக்கலாம். அடியில் ஒரே ஒரு ஸ்குரூவைக் கழற்றினால் பெரும்பாலும் டிரைவ் வெளியே வந்துவிடும். அதைப் போட்டுக்கொள்ளும் யூஎஸ்பி உறை, சென்னை ரிச்சி ஸ்ட்ரீட்டில் சில நூறு ரூபாய். புறப்படும் முன் டிரைவின் தடிமனை மட்டும் ஸ்கேல் வைத்து அளந்துகொள்ளுங்கள். 12.7 மில்லிமீட்டர், 9.5 மில்லிமீட்டர் என்று இரண்டு வகை உண்டு. முதல் வகை டிரைவ் இரண்டாவது வகை உறைக்குள் நுழையாது. அதை மாற்றுவதற்காக மறுபடியும் சென்ட்ரலுக்கு ரயில் ஏற வேண்டியிருக்கும்.