முதலில் யார் கொடுப்பது?

பெங்களூரு சிவாஜிநகரில் பழைய பைக் வாங்கப் போனால் விலை பேசுவது பெரிய வேலையில்லை. பேசி முடித்த பிறகுதான் இழுபறி. விற்பவர் கையில் சாவியும் ஆர்.சி. புக்கும் இருக்கும். வாங்குபவரின் சட்டைக்குள் நோட்டுக்கட்டு இருக்கும். "மொதல்ல துட்ட குடுங்க பாய்" என்பார் விற்பவர். "கையெழுத்த போடுங்கண்ணா, அப்பறம் எண்ணலாம்" என்பார் வாங்குபவர். இருவருமே நல்லவர்களாக இருக்கலாம். ஆனாலும் முதலில் கொடுப்பவர், மற்றவர் கொடுத்து முடிக்கும்வரை அவர் தயவில்தான் நிற்க வேண்டும்.

முன்பெல்லாம் அந்த இடைவெளியில் நின்றவர் புரோக்கர். பணத்தைத் தன் கைக்கு வாங்கிக்கொள்வார். பெயர் மாற்றத்துக்கான 29ஆம் படிவத்திலும் 30ஆம் படிவத்திலும் கையெழுத்து விழுந்ததா, ஆர்.சி.யில் பைனான்ஸ் பாக்கி ஏதும் ஏறியிருக்கிறதா என்று பார்ப்பார். பிறகு பணத்தை இந்தப் பக்கமும் சாவியை அந்தப் பக்கமும் தள்ளுவார். அவருடைய முதலீடு, நாளைக்கும் அதே தெருவில் அதே டீக்கடை முன்னால் நிற்க வேண்டியவர் என்பதுதான். ஒருமுறை ஏமாற்றினால் மறுநாள் பிழைப்பு கிடையாது. பணம் ஒரு நாள் தாமதமானால் "நாளைக்கு வந்துடும், நான் இருக்கேன்" என்று சொல்லி இரண்டு பக்கத்தையும் சமாதானப்படுத்தவும் அவரால் முடிந்தது.

ஊரின் அமைப்பும் இப்படிப்பட்டவர்களுக்கு வேலை கொடுத்தது. 1809இல் கண்டோன்மென்ட் உருவானபின், படையோடும் படையை நம்பியும் வந்த தமிழர்கள் பிளாக்பள்ளி என்று அன்று அழைக்கப்பட்ட இந்தப் பகுதியில் குடியேறினார்கள். நாராயண பிள்ளை தெரு போன்ற பெயர்கள் அதன் மிச்சம். 1881இல் மைசூர் அரசு மகாராஜாவிடம் திரும்பியபோதும் கண்டோன்மென்ட் மட்டும் ஆங்கிலேயரிடமே இருந்தது. கப்பன் பார்க்குக்கு அந்தப் பக்கம் பழைய ஊரான பேட்டை, இந்தப் பக்கம் தண்டு எனப்பட்ட கண்டோன்மென்ட். இரண்டுக்கும் தனித்தனி நகராட்சி, தனித்தனி நீதிமன்றம். 1949இல்தான் இரண்டும் ஒரே மாநகராட்சியாயின. ஒரே ஊர் மாதிரி தெரிந்த இடத்தில் ஒன்றையொன்று கட்டுப்படுத்தாத இரண்டு பதிவேடுகள் இருந்தன என்று சொல்லலாம். இரு பக்கமும் ஆள் தெரிந்த வியாபாரிக்கு அங்கே மதிப்பு இருந்திருக்கும்.

பிட்காயின், எத்தீரியம் என்ற இரண்டு கிரிப்டோ பதிவேடுகளும், அதாவது பிளாக்செயின்களும், இன்று அதே நிலையில் இருக்கின்றன. முதலாவது 2009 ஜனவரியில் ஓடத் தொடங்கியது, இரண்டாவது 2015 ஜூலையில். ஒன்றில் நடப்பது மற்றொன்றுக்குத் தெரியாது. பிட்காயின் வைத்திருப்பவர், எத்தீரியத்தின் நாணயமான ஈதர் வைத்திருப்பவரோடு மாற்றிக்கொள்ள நினைத்தால், சாவி கையில் வைத்திருப்பவரின் அதே கேள்வி எழும்: முதலில் யார் அனுப்புவது? அனுப்பியதைத் திரும்ப வாங்க இங்கே போலீஸ் ஸ்டேஷனும் இல்லை, பஞ்சாயத்தும் இல்லை.

நிறுவனம் நின்ற இடம்

தெருப் புரோக்கரின் வேலையைப் பெரிய பணத்துக்கு வங்கிகள் செய்தன. அங்கேயும் அந்த இடைவெளி பணத்தை விழுங்கியதுண்டு. 1974 ஜூன் 26 அன்று ஜெர்மனியின் கொலோன் நகரில் ஹெர்ஸ்டாட் வங்கியை அரசு மூடியது. அன்று பகலில் அந்த வங்கிக்குப் பலர் ஜெர்மன் நாணயமான மார்க் கொடுத்திருந்தார்கள். அதற்கு ஈடாக வர வேண்டிய டாலர் நியூயார்க்கில் வரவில்லை. ஐரோப்பாவில் மாலை, அமெரிக்காவில் காலை. அந்தச் சில மணி நேர வித்தியாசத்தில் பணம் மாட்டிக்கொண்டது. இரண்டு நாணயங்களையும் ஒன்றாகவே கைமாற்றும் சி.எல்.எஸ். வங்கி 2002இல்தான் வந்தது. இந்தியாவில் அன்னியச் செலாவணிக்கும் அரசுக் கடன் பத்திரங்களுக்கும் அப்படி நடுவில் நிற்க, 2001இல் கிளியரிங் கார்ப்பரேஷன் ஆஃப் இந்தியா உருவானது.

நிறுவனம் என்றாலே பத்திரம் என்ற நம்பிக்கையை சிவாஜிநகர் 2019 ஜூனில் விலை கொடுத்துச் சோதித்துப் பார்த்தது. வட்டி வாங்க விரும்பாத முஸ்லிம் குடும்பங்கள் பல, லாபப் பங்கு தருவதாகச் சொன்ன ஐ.எம்.ஏ. நிறுவனத்தில் சேமிப்பைப் போட்டிருந்தன. ஒரு நாள் நிறுவனர் துபாய்க்குப் போய்விட்ட செய்தி பரவியது. லேடி கர்சன் சாலை அலுவலகத்தின் முன் கூட்டம் திரண்டது. புகார் கொடுத்தவர்கள் பல்லாயிரம் பேர். ஜூலையில் அவர் டெல்லியில் கைதானார், வழக்கு பிறகு சி.பி.ஐ.க்குப் போனது. அங்கே பணம் போட்டவர்கள் எல்லோரும் முதலில் கொடுத்தவர்கள். நிறுவனத்தின் நகைக்கடைக்கு முகவரி இருந்தது, பெயர்ப் பலகை இருந்தது, காட்சிக்கு நகையும் இருந்தது. கொடுத்தது திரும்பவில்லை என்றால் என்ன நடக்கும் என்பதற்கு மட்டும் யாரிடமும் ஏற்பாடு இல்லை.

கிரிப்டோ உலகமும் இதே பாதையில்தான் வந்தது. நடுவில் ஆளே வேண்டாம் என்று தொடங்கியவர்கள், வசதிக்காக எக்ஸ்சேஞ்சுகளை நடுவில் நிறுத்தினார்கள். 2018 ஏப்ரலில் ரிசர்வ் வங்கி, கிரிப்டோ நிறுவனங்களோடு வங்கிகள் தொடர்பு வைக்கக் கூடாது என்றது. அந்த அக்டோபரில் பெங்களூரு பழைய ஏர்போர்ட் ரோடு மாலில் ஒரு எக்ஸ்சேஞ்ச் வைத்த பிட்காயின் இயந்திரத்தைப் போலீஸ் தூக்கிக்கொண்டு போனது. 2020 மார்ச் 4 அன்று உச்ச நீதிமன்றம் அந்தத் தடையை ரத்து செய்ததும் வியாபாரம் திரும்ப வந்தது, திருட்டும் கூடவே வந்தது. 2024 ஜூலையில் வஸீர்எக்ஸ் என்ற எக்ஸ்சேஞ்சிலிருந்து சுமார் 23 கோடி டாலர் போனது. 2025 ஜூலையில் காயின்டிசிஎக்ஸ் என்ற இன்னொரு எக்ஸ்சேஞ்சிலிருந்து 4.4 கோடி டாலர் போனது.

ஒரு பிளாக்செயினிலிருந்து இன்னொன்றுக்குச் சொத்தைக் கொண்டுபோகும் 'பிரிட்ஜ்'களின் கதை இன்னும் மோசம். 2022 மார்ச்சில் ரோனின் பிரிட்ஜில் 60 கோடி டாலருக்கு மேல் களவு போனது. அதைக் காத்தவை 9 சாவிகள், அதில் 5 சேர்ந்தால் பெட்டி திறக்கும். திருடியவர்கள் அந்த 5 சாவிகளைக் கைப்பற்றிவிட்டார்கள்.

கெடு வைத்த பூட்டு

பொருளை யாரிடமும் ஒப்படைக்காமல் மாற்றிக்கொள்ள வழியுண்டா? 2013இல் டியர் நோலன் என்ற பெயரில் எழுதிய ஒருவர் அதற்கு வழி சொன்னார். அட்டாமிக் ஸ்வாப் என்று பெயர். 2017 செப்டம்பரில் லைட்காயின், டெக்ரெட் என்ற இரண்டு கிரிப்டோ நாணயங்களுக்கும், அடுத்த சில நாட்களில் லைட்காயினுக்கும் பிட்காயினுக்கும் இடையே அது நடத்தியும் காட்டப்பட்டது.

வேலை செய்யும் விதம் இதுதான். பிட்காயின்காரர் யாராலும் ஊகிக்க முடியாத ஒரு ரகசிய எண்ணை எடுத்துக்கொள்கிறார். அதை ஷா-256 என்ற கணக்கில் போட்டால் 64 எழுத்து நீளமுள்ள ஒரு வரிசை வரும். அதை ஹேஷ் என்கிறார்கள். எண்ணிலிருந்து ஹேஷுக்குப் போக ஒரு நொடி போதும். ஹேஷிலிருந்து எண்ணைக் கண்டுபிடிக்க உலகத்துக் கணினிகள் எல்லாம் சேர்ந்தாலும் ஆகாது. அவர் தன் பிட்காயினை இப்படிப் பூட்டுகிறார்: இந்த ஹேஷுக்குரிய ரகசியத்தைக் காட்டினால் ஈதர்காரர் எடுத்துக்கொள்ளலாம், 48 மணி நேரத்துக்குள் காட்டாவிட்டால் எனக்கே திரும்ப வேண்டும்.

ஈதர்காரர் அந்தப் பூட்டைப் பதிவேட்டில் சரிபார்த்துவிட்டு, எத்தீரியத்தில் அதே ஹேஷைப் போட்டுத் தன் ஈதரைப் பூட்டுகிறார். அவர் வைக்கும் கெடு 24 மணி நேரம். இப்போது ஈதரை எடுக்க பிட்காயின்காரர் ரகசியத்தைக் காட்டியே ஆக வேண்டும். காட்டிய மறுகணம் அது எத்தீரியத்தின் பொதுப் பதிவேட்டில் எல்லோர் கண்ணுக்கும் தெரியும். ஈதர்காரர் அதையே எடுத்துப் போய் பிட்காயின் பூட்டைத் திறக்கிறார். காட்டவே இல்லையென்றால் 24ஆவது மணியில் ஈதர் வீடு திரும்பும், 48ஆவது மணியில் பிட்காயினும் திரும்பும். முதல் கெடு நீளமாகவும் இரண்டாவது குறுகியதாகவும் இருப்பதில்தான் பாதுகாப்பு. இரண்டும் ஒன்றாக இருந்தால், பிட்காயின்காரர் கடைசி நொடியில் ஈதரை எடுத்துக்கொண்டு பிட்காயினையும் திரும்ப வாங்கிவிடலாம்.

ரகசிய எண்ணை வைத்துக் காரியம் நடத்துவது நமக்குப் புதிதல்ல. வளைகுடாவிலிருந்து உண்டியலில் பணம் அனுப்பிய காலத்தில், ஒரு ரூபாய் நோட்டின் வரிசை எண்ணைப் போனில் சொல்வார்கள். ஊரில் அந்த நோட்டைக் காட்டியவர் கையில் பணம் வரும். சட்டத்துக்குப் புறம்பான வழிதான் அது. ஆனால் அங்கே நோட்டு எண், வந்திருப்பவர் சரியான ஆளா என்பதை மட்டும்தான் சொல்லும். வளைகுடாவில் உள்ள உண்டியல்காரரும் இங்கேயுள்ள உண்டியல்காரரும் தங்களுக்குள் கணக்கு நேர் செய்வது பிறகு, முழுக்க வாய்ச்சொல்லில். ஸ்வாப்பில் அந்த 'பிறகு' என்பதே கிடையாது.

கடிகாரத்தின் குணம்

இவ்வளவு நல்ல ஏற்பாடு ஏன் இன்னும் ஊரெல்லாம் பரவவில்லை? பிளாக்செயின் மாற்றும் வியாபாரத்தில் பெரும்பகுதி இன்றும் எக்ஸ்சேஞ்சுகளிலும் பிரிட்ஜுகளிலும்தான் நடக்கிறது. பிட்காயினில் ஒரு பிளாக் சேர சராசரியாக 10 நிமிடம் ஆகும், ஒவ்வொரு பூட்டுக்கும் கட்டணம் உண்டு. அதைவிடப் பெரிய குறை, ரகசியம் ஒருவர் கையில் மட்டும் இருப்பது. அவர் கிட்டத்தட்ட ஒரு நாள் முழுக்க விலையைப் பார்த்துக்கொண்டிருக்கலாம். பிட்காயின் ஏறினால் பேசாமல் இருந்துவிட்டுத் தன்னுடையதைத் திரும்ப எடுத்துக்கொள்வார். எதிராளியின் ஈதர் அதுவரை சும்மா கிடக்கும்.

இன்னொரு பக்கமும் உண்டு. ரகசியம் வெளியான பிறகு ஈதர்காரர் ஆஸ்பத்திரியில் கிடந்தாலோ நெட் இல்லாத ஊரில் மாட்டினாலோ, 48 மணி நேரம் முடிந்ததும் அவருக்கு இரண்டும் போய்விடும். "நாளைக்கு வந்துடும், நான் இருக்கேன்" என்று சொல்ல அங்கே யாரும் கிடையாது. புரோக்கரிடம் பொய் இருக்கலாம், கூடவே கருணையும் இருக்கும். கெடுவுக்கு இரண்டுமே தெரியாது.

பூட்டுப் போட இரண்டு பொருளும் பதிவேட்டுக்குள் இருக்க வேண்டும் என்பது அடுத்த நிபந்தனை. பைக்கின் உரிமை ஆர்.டி.ஓ.வின் கணினியில் இருக்கிறது, பணம் வங்கியில் இருக்கிறது. இந்த இரண்டு பதிவேடும் ஒரே ஹேஷுக்குக் கட்டுப்படும் நாள் வரவில்லை. வந்தாலும் எஞ்சின் புகை விடுகிறதா என்பதை எந்த ரகசிய எண்ணும் சொல்லாது.

அரசும் தன் பங்குக்கு ஒரு முன்பின் வைத்திருக்கிறது. 2022 ஏப்ரலிலிருந்து கிரிப்டோ லாபத்துக்கு 30 சதவீத வரி, ஜூலையிலிருந்து கைமாற்றத்துக்கு 1 சதவீத டி.டி.எஸ். ஒரு நாணயத்தைக் கொடுத்து இன்னொன்றை நேரடியாக வாங்கினால் இருவருமே வாங்குபவர், இருவருமே விற்பவர் என்றது அன்றைய வரித்துறைச் சுற்றறிக்கை. இருவரும் வரி கட்டி, அதன் சான்றைக் காட்டிய பிறகே மாற்றிக்கொள்ள வேண்டும் என்றும் சொன்னது. கணிதம் ஒரே நேரத்தில் நடத்தித் தருவதற்கு முன்னால் இரண்டு சலான் நிற்கிறது.

சிவாஜிநகர்க் கடைகளுக்கு இந்தப் பூட்டு முறை காயின் ஆர்வலர்கள் வழியாக வராமல் வங்கிகள் வழியாகவே வரக்கூடும். 2022 நவம்பரில் ரிசர்வ் வங்கியின் டிஜிட்டல் ரூபாய், அரசுப் பத்திர வியாபாரத்தில் சோதனைக்கு வந்தது. டிசம்பரில் பொதுமக்களுக்கான சோதனை தொடங்கிய நான்கு நகரங்களில் பெங்களூருவும் ஒன்று. ரூபாயும் பத்திரமும் டிஜிட்டல் பதிவேடுகளில் இருந்தால், 'இது வந்தால் அது போகட்டும்' என்ற நிபந்தனையை அவற்றிலேயே எழுதிவிடலாம். ஆனால் கடைக்காரர்கள் கண்ணை மூடிக்கொண்டு ஏற்பவர்களும் அல்ல. 2025 ஜூலையில் யு.பி.ஐ. வரவை வைத்து ஜி.எஸ்.டி. நோட்டீஸ் வந்ததும், பெங்களூரில் பல சின்னக் கடைகள் க்யூ.ஆர். அட்டையை எடுத்துவிட்டு 'கேஷ் மட்டும்' என்று எழுதி வைத்தன.

அன்று பெயர் காத்ததை, பிறகு முத்திரை காத்தது, இன்று கெடு காக்கிறது. எது காத்தாலும் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான்: எதிராளி வராமல் போனால் என் பொருள் யாரிடம் இருக்கும், எப்போது திரும்பும்? அட்டாமிக் ஸ்வாப் இதற்கு மணிக்கணக்கில் பதில் சொல்லிவிடுகிறது. அப்படி ஒரு வரிப் பதில் கிடைக்காத இடத்தில், அது பிளாக்செயினாக இருந்தாலும் நகைக்கடையாக இருந்தாலும், முதலில் கொடுப்பவராக நாம் இருக்க வேண்டாம்.