புதுச் சுவரில் ஈரமா? பூசுவதற்கு முன் காரணத்தைத் தேடுங்கள்

இருந்த இடத்தை இழந்து வந்த குடும்பத்திற்கு நான்கு சுவர்கள் எழும்பி, பூச்சு வேலையும் முடிந்துவிட்டால் அது பெரிய ஆறுதல். குடிபுகுந்த ஓரிரு மாதங்களில் அந்தச் சுவரிலே கருத்த திட்டுக்கள் தோன்றினால் மனம் சோர்ந்துவிடுகிறது. “மேசன் ஏமாத்திப்புட்டாரு” என்பார் ஒருவர். “மணல் சரியில்ல” என்பார் இன்னொருவர். கடன்பட்டு இன்னொரு பை சீமெந்து வாங்கி மேலே பூசுகிறோம். அடுத்த மழைக்குத் திட்டு திரும்பவும் வந்து நிற்கிறது. செலவுதான் மிச்சம்.

ஸ்பிரிங்வெளி போன்ற மலைச்சரிவுகளில் சுவரின் ஈரம் ஒரே காரணத்தால் வருவதில்லை. காரணம் எதுவோ அதற்கேற்பவே பரிகாரமும் அமையும்.

பூச்சிலேயே உள்ள நீர்

ஒரு பை, அதாவது 50 கிலோ, சீமெந்தைச் சாந்தாகக் குழைக்க 25 லீற்றருக்குக் குறையாமல் தண்ணீர் செலவாகிறது. சீமெந்து இறுகுவதற்கு ஏறக்குறைய அதில் பாதி போதும். மீதி நீர் காற்றில் உலர்ந்தே போகவேண்டும். பூசிய பின் ஏழு நாட்கள் சுவரை நனைக்கிறோம்; அதுவும் அவசியமே. எனவே புதுப் பூச்சு சில வாரங்கள் ஈரமாக இருப்பது குற்றமல்ல. திட்டு நாளுக்கு நாள் சிறுத்து வருகிறதா என்று பாருங்கள். அதன் ஓரத்தைப் பென்சிலால் கோடிட்டு வைத்தால் எளிதில் தெரியும். சிறுத்தால் பொறுத்திருங்கள். பகலில் கதவு, யன்னல்களைத் திறந்து வையுங்கள். குறைந்தது நான்கு வாரங்கள் போகுமுன் பெயின்ட் அடிக்கவேண்டாம். அடித்தால் உள்ளே அகப்பட்ட நீர் பெயின்டைக் கொப்புளமாகத் தள்ளிவிடும். அவசரமானால் சுண்ணாம்பு அடியுங்கள். சுண்ணாம்பு ஈரத்தை வெளியே விடும்.

ஊவாவில் ஒக்டோபர் முதல் ஜனவரி வரை மழை அதிகம். அக்காலத்தில் பூசிய சுவர் காய்வதற்குக் கூடுதல் நாள் எடுக்கும்.

வெளியிலிருந்து வரும் நீர்

திட்டு நிலத்திலிருந்து மேலெழும்பி, முழங்கால் அல்லது இடுப்பு உயரத்தில் கோடு போட்டதுபோல் நின்றால், அது நிலத்து ஈரம். மேட்டுப் பக்கச் சுவரில் மட்டும் வந்தால், வெளியே மண் சுவரோடு அணைந்திருக்கிறதா என்று பாருங்கள். வெளிமண் வீட்டுத் தரையைவிடத் தாழ்வாக இருக்கவேண்டும். மேட்டிலிருந்து வரும் நீரை மறித்துத் திருப்ப ஒரு கான் வேண்டும். தேயிலை மலையில் கான் வெட்டிப் பழகிய கைகளுக்கு இது புதிய வேலையல்ல. ஆனால் சரிவின் அடியைச் செங்குத்தாக வெட்டவேண்டாம். மேலே உள்ள மண் தாங்குதலை இழந்துவிடும். கானின் நீர் அடுத்த வீட்டுச் சுவருக்குப் போகாமல் பெரிய கானில் சேரட்டும்.

மழை பெய்த மறுநாள் யன்னல் ஓரத்திலோ கூரைக்குக் கீழோ திட்டு வந்தால், தகட்டின் ஆணித்துளை, பீலி, சுவர் வெடிப்பு ஆகியவற்றைச் சோதியுங்கள்.

குளிர்காலக் காலையில் மேல் மூலைகளில் மட்டும் நீர் பனித்து, பூஞ்சணம் பிடித்தால், அது பெரும்பாலும் நாம் சமைக்கும் ஆவியும் மூச்சுக்காற்றும்தான். அடுப்படிப் புகையும் ஆவியும் போக வழி செய்யுங்கள்.

சந்தேகமானால் ஓர் எளிய சோதனை உண்டு. ஒரு பொலித்தீன் துண்டைச் சுவரில் வைத்து நான்கு ஓரங்களையும் நன்றாக ஒட்டி, இரண்டு நாள் விடுங்கள். சுவர்ப் பக்கம் நீர் துளித்தால் ஈரம் சுவருக்குள்ளிருந்து வருகிறது. அறைப் பக்கம் துளித்தால் காற்றின் ஈரம்.

வெள்ளையாக உப்புப் பூத்தால் கழுவவேண்டாம். கழுவினால் உப்பு மீண்டும் சுவருக்குள் போகும். உலர்ந்த தூரிகையால் தட்டி எடுங்கள். நீர் வரும் வழி அடைபட்டு, சுவர் உலர்ந்த பின்னரே பழுதான பூச்சைக் கொத்தி எடுத்துப் புதிதாகப் பூசவேண்டும்.

சுவர் தரும் எச்சரிக்கை

2014 ஒக்டோபர் 29ஆம் திகதி கொஸ்லந்தை மீரியபெத்தையில் லயன்கள் மண்ணுக்குள் புதைந்ததை நாம் மறக்கமுடியாது. 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயல் மழையின்போதும் பதுளை மாவட்டத்தில் பல இடங்களில் மலை சரிந்தது. மலை சரியுமுன் சில வேளைகளில் அடையாளம் காட்டும். முன்பு இல்லாத இடத்தில் ஊற்றுக் கிளம்பும். ஊற்றுநீர் திடீரெனச் சேறாகும் அல்லது நின்றுபோகும். தரையிலும் சுவரிலும் வெடிப்பு நாளுக்கு நாள் அகலும், கதவு இறுகும், மரங்கள் சாயும்.

சுவர் ஈரத்தோடு இவற்றில் ஒன்றைக் கண்டாலும் மேசனைத் தேடவேண்டாம். பிள்ளைகளையும் முதியோரையும் கூட்டிக்கொண்டு பாதுகாப்பான இடத்துக்குப் போங்கள். அயலவருக்குச் சொல்லுங்கள். கிராம உத்தியோகத்தருக்கோ, 117 என்ற இலக்கத்தில் அனர்த்த முகாமைத்துவ நிலையத்துக்கோ அறிவியுங்கள். நிலத்தைச் சோதித்து ஆலோசனை கூறும் பொறுப்பு தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்துக்கு உண்டு. அவர்கள் சொல்லும் வரை திரும்பவேண்டாம்.

சுவரைப் பிறகு பூசிக்கொள்ளலாம்.