கணினிக்கும் காவல் வேண்டும்

ஊராட்சியின் கணக்கேடுகளை இரும்புப் பெட்டியில் வைத்துப் பூட்டிய காலம் ஒன்று இருந்தது. இன்று வீட்டு வரி, குடிநீர்க் கட்டணம், வீடு கட்ட உதவி பெறுவோரின் வங்கிக் கணக்கு ஆகியவை கணினியில் பதியப்படுகின்றன. மறைமலைநகரைச் சூழ்ந்த காட்டாங்கொளத்தூர் ஒன்றியத்துச் சிற்றூர்களிலும் நிலை இதுவே. பெட்டிக்குப் பூட்டு எவ்வளவு அவசியமோ, கணினிக்குக் காவலும் அவ்வளவு அவசியமாகும். அக்காவலைக் குலைப்பவற்றுள் ஒன்று, மின்னஞ்சலின் இணைப்பாக மாறுவேடத்தில் வரும் வைரஸ்.

தீங்கு வரும் வழி

கணினி வைரஸ் என்பது தீய நோக்குடன் எழுதப்பட்ட கட்டளைத் தொகுப்பே. மின்னஞ்சல் வந்து சேர்வதனால் மட்டும் பெரும்பாலும் கேடு விளைவதில்லை. இணைப்பை நாம் திறக்கும்போதே அது இயங்கத் தொடங்குகிறது. ஆகவே, நம்மைத் திறக்கச் செய்வதில்தான் வஞ்சகரின் சூழ்ச்சி அடங்கியுள்ளது.

2000-ஆம் ஆண்டு மே 4-ஆம் நாள் பிலிப்பைன்ஸ் நாட்டிலிருந்து புறப்பட்ட 'ஐ லவ் யூ' வைரஸ் இதற்குச் சான்றாகும். காதல் கடிதம்போல் தோன்றிய இணைப்பைத் திறந்தோரின் படக்கோப்புகள் அழிந்தன. அவர்களுடைய முகவரிப் பட்டியலில் இருந்தோர்க்கெல்லாம் அதே கடிதம் தானாகவே சென்றது. பிரிட்டிஷ் நாடாளுமன்றமும் தன் மின்னஞ்சலைச் சிறிது நேரம் நிறுத்த நேர்ந்தது. தெரிந்தவர் பெயரில் வந்தது என்பதால் மட்டும் ஓர் இணைப்பை நம்பலாகாது என்பதை இதனால் உணரலாம்.

கோப்பின் இயல்பை அதன் பெயரில் கடைசிப் புள்ளிக்குப் பின்னுள்ள எழுத்துகளே காட்டும். விண்டோஸ் கணினி அவற்றை வழக்கமாக மறைத்துவிடும். அதனால் 'பட்டியல்.பிடிஎஃப்.இஎக்ஸ்இ' என்னும் கோப்பு, 'பட்டியல்.பிடிஎஃப்' என்றே கண்ணுக்குத் தோன்றும். முன்னதே உண்மை உரு, பின்னது வேடம்.

கைப்பேசியும் இதற்கு விலக்கன்று. உழவர் நிதியுதவித் திட்டத்தின் பெயரில் 'ஏபிகே' வடிவிலான போலிச் செயலிகள் வாட்ஸ்அப்பில் பரவுவதாகத் தமிழ்நாடு சைபர் குற்றப்பிரிவு 2024-இல் எச்சரித்தது.

நாம் கற்ற பாடம்

முன்னர் நாம் பணியாற்றிய ஓர் அலுவலகத்தில், 'தணிக்கைக் குறிப்பு – அவசரம்' என்ற தலைப்புடன் ஒரு மின்னஞ்சல் வந்தது. இளம் எழுத்தர் ஒருவர் அதன் இணைப்பைத் திறந்தார். கோப்புகள் ஒவ்வொன்றாகப் பூட்டிக்கொண்டன. கண்டிப்புக்கு அஞ்சிய அவர் மாலைவரை எவரிடமும் சொல்லவில்லை. அதற்குள் மேலும் இரண்டு கணினிகள் பழுதாயின. காகிதப் பதிவேடுகளைக் கொண்டு பட்டியல்களை மீண்டும் தட்டச்சு செய்து முடிக்க ஒரு மாதம் ஆயிற்று. சுவர் எழுப்பிவிட்டுக் கூரைக்கான தவணையை எதிர்நோக்கியிருந்த குடும்பங்கள் அம்மழைக்காலத்தைத் தார்ப்பாயின் கீழ்க் கழித்தன. குறை எழுத்தருடையது மட்டுமன்று; தவறைச் சொல்ல அஞ்சும்படி நடந்துகொண்ட நம்முடையதும் ஆகும்.

செய்ய வேண்டுவன

1. எதிர்பாராத இணைப்பு வந்தால், அனுப்பியவரை நமக்கு முன்பே தெரிந்த தொலைபேசி எண்ணில் அழைத்துக் கேட்டல் வேண்டும். கடிதத்தில் கண்ட எண்ணை நம்பலாகாது.

2. விண்டோஸின் 'வியூ' பட்டியலில் 'ஃபைல் நேம் எக்ஸ்டென்ஷன்ஸ்' என்பதைத் தேர்ந்து, கோப்பின் முழுப்பெயரும் தெரியச் செய்க.

3. வெளியிலிருந்து வந்த கோப்பு 'எனேபிள் கன்டென்ட்' என்னும் பொத்தானை அழுத்தச் சொன்னால் அழுத்தற்க.

4. மென்பொருளையும் வைரஸ் தடுப்பானையும் அவ்வப்போது புதுப்பித்தல் வேண்டும். மத்திய அரசின் 'சைபர் ஸ்வச்தா கேந்திரா' 2017 முதல் இதற்கான கருவிகளை இலவசமாக அளித்து வருகிறது.

5. வாரந்தோறும் பதிவுகளைத் தனி வட்டில் படியெடுத்து, அவ்வட்டைக் கணினியிலிருந்து கழற்றி வைத்தல் வேண்டும். இணைத்தே வைத்திருந்தால் அதுவும் உடன் பழுதாகும்.

தவறித் திறந்துவிட்டால், உடனே இணையத் தொடர்பைத் துண்டித்து அலுவலருக்குத் தெரிவித்தல் வேண்டும். பணம் பறிபோயிருந்தால் 1930 என்னும் எண்ணை அழைக்கலாம்.

ஊராட்சிச் செயலர்களும் கணினி இயக்குநர்களும் இவற்றைக் கடைப்பிடிப்பார்களாக. தவறை உடனே ஒப்புக்கொள்பவரைக் கடியாது பாராட்டும் பண்பை அலுவலர்களாகிய நாமும் கைக்கொள்வோமாக. கணினியில் உள்ளவை வெறும் எழுத்துகள் அல்ல. நம்மை நம்பிய கிராம மக்களின் உடைமைகளாகும்.