உங்களுக்குத் தெரியுமா? சில நேரம் 256-ஐவிட மைனஸ் 1 பெரிய எண்!

சி மொழியில் மைனஸ் 1-ஐ 64 பிட் அன்சைன்ட் எண்ணாக மாற்றினால் 1,84,46,74,40,73,70,95,51,615 ஆகிவிடும். பஃபர் நீளத்தை சைன்ட் 'இன்ட்' வகையில் வைத்து, 256-ஐத் தாண்டுகிறதா என்று மட்டும் பார்த்தால் மைனஸ் 1 தாராளமாக உள்ளே நுழையும். அடுத்த வரியில் நகலெடுக்கக் காத்திருக்கும் மெம்காப்பி, 64 பிட் கணினியில் அதை அந்த 20 இலக்க எண்ணாக எடுத்துக்கொள்ளும். 2002-இல் ஃப்ரீபிஎஸ்டி கெர்னலில் சிக்கிய ஓட்டையும் இந்த இனம்தான்: நீளத்துக்கு மைனஸ் எண் கொடுத்தால் கெர்னல் நினைவகத்தின் பெரும்பகுதியைப் படித்துவிடலாம்.

எல்லாவற்றையும் அன்சைன்ட் ஆக்கிவிட்டால் போதுமே என்பார்கள். போதாது. அங்கே 3-இலிருந்து 4-ஐக் கழித்தாலும் ராட்சத எண்தான் வரும். பூஜ்யத்துக்குக் கீழே போனால் நிற்க வேண்டிய லூப் நிற்கவே நிற்காது. ஆனாலும் நீளத்துக்கு 'சைஸ்-டி' என்ற அன்சைன்ட் வகையே மேல். நகலெடுக்கும் ஃபங்ஷன்கள் கேட்பது அதைத்தான். மேல்வரம்பு ஒன்றைச் சோதித்தாலே ராட்சத எண்ணும் பிடிபடும். கழிப்பதற்கு முன் எது பெரியது என்று பார்ப்பது மட்டும் நம் பொறுப்பு.

நியாயமான விலக்கு ஒன்று உண்டு. போசிக்ஸ் தரத்தின் 'ரீட்' ஃபங்ஷன், பிழை நேர்ந்தால் மைனஸ் 1 தர வேண்டும். ஆகவே அதன் விடை சைன்ட் வகை. சோதித்த பிறகே அதை சைஸ்-டிக்கு மாற்றலாம்.