வண்டிச் சாவி யார் கையில: 27 வயசா, 67 வயசா?

(எபிசோடின் ஒலிவடிவத்தில் இருந்து சுருக்கித் திருத்தப்பட்டது)

இந்த வாரம் ஒரு வாய்ஸ் நோட்ல இருந்து ஆரம்பிக்கலாம். கேட்கிற ஒருத்தர் அனுப்பியிருந்தார். அவருக்கு 27 வயசு, அப்பாவுக்கு 67. வீட்ல ஒரு கார். சென்னையில இருந்து மதுரைக்குப் போகணும்னா அப்பாதான் ஓட்டுவேன்னு அடம் பிடிக்கிறாராம். "வயசானவர் ஓட்டுறது ரிஸ்க்தானே ப்ரோ, எப்படிப் புரிய வைக்கிறது?"ன்னு கேட்டிருந்தார்.

எனக்கும் அவர் வயசுதான், ஒரு வருஷம் கூட. அதனால அவர் பக்கம் நிக்கணும்னு ஆசையாத்தான் இருந்துச்சு. ஆனா எண்களை எடுத்துப் பார்த்தா நிலைமை நம்ம ரெண்டு பேருக்குமே சாதகமா இல்ல.

முதல்ல ஒரு விஷயத்தைத் தெளிவு பண்ணிடுவோம். மத்திய அரசோட 2022 சாலை விபத்து அறிக்கைப்படி அந்த வருஷம் இந்தியாவில் 4,61,312 விபத்துகள், 1,68,491 மரணங்கள். இறந்தவர்களில் 66.5 சதவீதம் பேர் 18 முதல் 45 வயதுக்குள். இதைக் காட்டி "பார்த்தியா, இளைஞர்கள்தான் மோசமா ஓட்டுறாங்க"ன்னு சொல்ற ஃபார்வர்டு மெசேஜ் உங்க ஃபேமிலி குரூப்லயும் வந்திருக்கும். அந்த எண் அப்படிச் சொல்லல. இறந்தவங்க எல்லாரும் ஓட்டுனவங்க இல்ல. நடந்து போனவங்க, பைக் பின்னாடி உட்கார்ந்தவங்க எல்லாரும் அதுல இருக்காங்க. அது போக, ரோட்ல அதிகமா இருக்கிறதே இந்த வயசுக்காரங்கதான். ஒரு சர்வர்ல 500 எரர் வந்துச்சுன்னு யாராவது சொன்னா நாம உடனே என்ன கேட்போம்? மொத்தம் எத்தனை ரிக்வெஸ்ட் வந்துச்சுன்னு கேட்போம். இங்கே அந்த ரிக்வெஸ்டுக்கு சமமானது, ஓட்டின தூரம். ஒவ்வொரு வயசுக்காரரும் எத்தனை கிலோமீட்டர் ஓட்டினாங்கன்ற கணக்கு நம்ம அறிக்கையில இல்ல.

அதனால அந்தக் கணக்கு இருக்கிற ஊருக்குப் போவோம். அமெரிக்காவில் 'டிரிபிள் ஏ'ன்னு வாகன ஓட்டிகளுக்கான பழைய சங்கம் ஒன்று இருக்கு. அதோட டிராஃபிக் சேஃப்டி ஃபவுண்டேஷன், 2014-15ல போலீஸ்ல பதிவான விபத்துகளை ஒரு பக்கமும், மக்கள்கிட்ட கேட்டு எடுத்த "எவ்வளவு தூரம் ஓட்டினீங்க" கணக்கை இன்னொரு பக்கமும் வச்சு வகுத்துப் பார்த்தாங்க. பத்து கோடி மைல் ஓட்டினா எத்தனை விபத்து?

16-17 வயசுக்கு 1,432. 18-19க்கு 730. 20-24க்கு 572. அடுத்தது நம்ம வயசு, 25-29: 526. முப்பதுகளில் அது 328க்கு இறங்குது, நாற்பதுலயும் ஐம்பதுலயும் கிட்டத்தட்ட அங்கேயே நிக்குது. அப்புறம் 60-69க்கு வர்றோம்: 241. மொத்த அட்டவணையிலயே குறைவான எண் அதுதான். வாய்ஸ் நோட் அனுப்பின ப்ரோ, உங்க அப்பா இருக்கிற வரிசை அது. நாம இருக்கிற வரிசையோட பாதியை விடக் கம்மி.

அமெரிக்க ரோடு வேற, நம்ம ரோடு வேற, ஒத்துக்கிறேன். அங்கே 16லயே கார் ஓட்டலாம். இங்கே ஷேர் ஆட்டோவும் மாடும் ராங் சைடு பைக்கும் ஒரே லேன்ல வரும். அந்த எண்களை அப்படியே தூக்கி ஜிஎஸ்டி ரோட்ல வைக்க முடியாது. ஆனா இடது பக்கம் உசந்து, நடுவுல தாழ்ந்து, வலது ஓரத்துல மறுபடி ஏறுற அந்த யூ வடிவம் பல நாடுகளில் திரும்பத் திரும்ப வருது. எனக்கு சுவாரசியமா பட்டது, ரெண்டு பக்கமும் ஏறுறதுக்கான காரணம் வேற வேறங்கிறதுதான்.

இடது பக்கம் முதல்ல. சின்ன வயசுல ஏன் இவ்வளவு? "இளரத்தம், வேகம்"னு பெரியவங்க ஒரே வார்த்தையில முடிச்சிடுவாங்க. பாதி காரணம் அது இல்ல. கனடாவில் நோவா ஸ்கோஷியா மாகாணத்துல புதுசா லைசென்ஸ் எடுத்தவங்களை மாசா மாசம் கணக்கெடுத்த ஆய்வு ஒன்று 2003ல வந்துச்சு. பக்கத்துல ஒரு பெரியவர் உட்கார்ந்திருக்கிற எல் போர்டு காலத்துல விபத்து ரொம்பக் குறைவு. தனியா ஓட்ட ஆரம்பிச்ச முதல் மாசம்தான் உச்சம். அடுத்த ஆறு மாசத்துக்குள்ள அது மளமளன்னு இறங்குது. ஆறு மாசத்துல யாருக்கும் ரத்தம் ஆறிப் போறதில்ல. மாறுறது பழக்கம். கொஞ்சம் வயசான பிறகு ஓட்டக் கத்துக்கிறவங்க சற்றுக் குறைவான ரிஸ்க்ல ஆரம்பிக்கிறாங்கன்றதும் உண்மை. ஆனா அவங்களுக்கும் அந்த முதல் சில மாசம் உண்டு.

இதை ஏன் அழுத்திச் சொல்றேன்னா, நம்ம ஊர்ல ஒரு விசித்திரமான கூட்டம் இருக்கு. காலேஜ் சேரும்போது 18ல டிரைவிங் ஸ்கூல் மூலமா லைசென்ஸ் வாங்கி பர்ஸ்ல வச்சிருப்பாங்க. வேலைக்குப் போய், லோன் போட்டு, 26ல முதல் கார். கார்டுல பார்த்தா எட்டு வருஷ டிரைவர். ஸ்டீயரிங்ல பார்த்தா மூணாவது வாரம். என் டீம்லயே நாலு பேர் இப்படி இருக்காங்க.

அனுபவம் என்ன சொல்லிக் கொடுக்குதுன்னா, பெரும்பாலும் கண்ணை எங்கே வைக்கணும்ங்கிறதை. புதுசா ஓட்டுறவங்க பார்வை காருக்கு முன்னாடி கிட்டத்துலயே ஒட்டிக்கிடக்கும், கண்ணாடிகளைப் பார்க்கிறது குறைவு. இதைக் கண் அசைவைப் பதிவு பண்ற கருவி வச்சு 1970கள்லயே காட்டிட்டாங்க. பழகினவர் நிக்கிற பஸ்ஸைப் பார்த்ததும், அதுக்கு முன்னாடி இருந்து ஒருத்தர் குறுக்கே ஓடி வருவார்னு கால்ல பிரேக்கைத் தேட ஆரம்பிச்சிடுவார். பிரிட்டன்ல 2002ல இருந்து லைசென்ஸ் எழுத்துத் தேர்வோட இதுக்குன்னே ஒரு வீடியோ பரிட்சை வைக்கிறாங்க: ஆபத்து உருவாகுறதைக் கவனிச்ச உடனே பட்டனை அழுத்தணும். நாம ஆர்டிஓல 'எட்டு' போடுறோம். எட்டு போடுறது வண்டியைத் திருப்பத் தெரியுமான்னு சொல்லும், நிக்கிற பஸ்ஸைப் பத்தி ஒண்ணும் சொல்லாது.

மீதிப் பாதி காரணம், கூட யார் இருக்காங்கன்றது. 2000ல அமெரிக்க மருத்துவ சங்க இதழ்ல வந்த ஆய்வு: 16 வயசு டிரைவர் தனியா போறதோட ஒப்பிட்டா, கூட ஒருத்தர் இருந்தா அந்த டிரைவர் சாகுற ஆபத்து 39 சதவீதம் கூடுது. ரெண்டு பேர்னா 86 சதவீதம். மூணு பேரோ அதுக்கு மேலயோன்னா கிட்டத்தட்ட மூணு மடங்கு. அதே பையன் பக்கத்துல 35 தாண்டின ஒருத்தர் உட்கார்ந்தா? டிரிபிள் ஏ ஃபவுண்டேஷனோட 2012 ஆய்வுல, தனியா ஓட்டுறதை விடவே 62 சதவீதம் குறைஞ்சுது. பக்கத்துல உட்கார்ந்து "மெதுவா, மெதுவா"ன்னு நச்சரிக்கிற அம்மாவுக்கு இப்படி ஒரு மதிப்பு இருக்கு.

கார்டனர், ஸ்டைன்பெர்க்னு ரெண்டு உளவியலாளர்கள் 2005ல ஒரு வீடியோ கேம் சோதனை பண்ணாங்க. சிக்னல் மஞ்சளாகுது, எப்போ நிறுத்துவ? நண்பர்கள் பார்த்துட்டு இருந்தா 13-16 வயசுக்காரங்க எடுத்த ரிஸ்க் ரெண்டு மடங்கு. 18-22ல பாதி அளவு கூடுச்சு. 24 தாண்டினவங்ககிட்ட பெரிய மாற்றமே இல்ல. அதாவது தனியா இருக்கும்போது நல்லா யோசிக்கிற அதே பையன், பின் சீட்ல மூணு பேர் இருந்தா வேற ஆள்.

இதைப் புரிஞ்சுக்கிட்டு நியூசிலாந்து 1987ல ஒரு வேலை பண்ணுச்சு. லைசென்ஸைப் படிப்படியா கொடுக்கிறது. எல் போர்டு முடிஞ்சதும் நேரா முழு லைசென்ஸ் கிடையாது. நடுவுல ஒரு கட்டம்: இராத்திரி 10ல இருந்து காலை 5 வரை தனியா ஓட்டக்கூடாது, பெரியவர் இல்லாம ஆளேத்தக்கூடாது. 1996ல ஃபுளோரிடா இதைப் பிடிச்சுக்கிட்டுது, இன்னைக்கு எல்லா அமெரிக்க மாநிலத்துலயும் ஏதோ ஒரு வடிவத்துல இருக்கு. 16 வயசினரோட விபத்துகள் 20 முதல் 40 சதவீதம் வரை குறைஞ்சதா பல ஆய்வுகள் காட்டுது. நம்ம சட்டத்துல அந்த நடுக்கட்டம் இல்ல. காலையில லைசென்ஸ் கையில வந்தா, அன்னைக்கு இராத்திரி ரெண்டு மணிக்கு நாலு பேரை ஏத்திக்கிட்டு ஈசிஆர்ல மகாபலிபுரம் போறது முழுக்க சட்டப்படி சரி.

2024 மே மாசம் புனே கல்யாணி நகர்ல என்ன நடந்துச்சுன்னு உங்களுக்கு ஞாபகம் இருக்கும். 17 வயசுப் பையன் ஓட்டியதாகப் போலீஸ் சொன்ன போர்ஷே கார் மோதி, 24 வயசுல ரெண்டு பேர் இறந்தாங்க. ரெண்டு பேருமே நம்மள மாதிரி சாஃப்ட்வேர் வேலை பார்த்தவங்க. ஜாமீனுக்கு 300 வார்த்தையில கட்டுரை எழுதச் சொன்னதைப் பத்தித்தான் எல்லாரும் பேசினோம். ஆனா 2019ல திருத்தின மோட்டார் வாகனச் சட்டத்துலயே, சிறார் ஓட்டி விபத்தானா பெற்றோருக்கோ வண்டி உரிமையாளருக்கோ மூணு வருஷம் வரை சிறை, 25,000 ரூபாய் அபராதம், அந்தச் சிறாருக்கு 25 வயசு வரை லைசென்ஸ் கிடையாதுன்னு இருக்கு. 18 ஆகாதவங்களுக்குச் சட்டம் கடுமையாத்தான் இருக்கு. 18 ஆன மறுநாளைப் பத்தித்தான் அது எதுவுமே சொல்லல.

இப்போ யூவோட வலது பக்கம். 80 தாண்டினவங்க எண் 432. நம்ம 526ஐ விட அதுவே கம்மி. ஆனா உயிர்ப்பலி ஏற்பட்ட விபத்துகளை மட்டும் எடுத்தா, 80 தாண்டினவங்க 16-17 வயசுக்காரங்களுக்குக் கிட்டத்தட்ட சமமா வந்து நிக்கிறாங்க. மோதுறது மூணுல ஒரு பங்கு கூட இல்ல, ஆனா சாவு அதே அளவு. எப்படி?

உடம்புதான். நமக்கு விலா எலும்புல வலியோட முடியற மோதல், எண்பது வயசு நெஞ்சுக்கூட்டுக்கு முடிவா இருக்கலாம். வயசான டிரைவர்களோட கூடுதல் மரண விகிதத்துல 60 முதல் 95 சதவீதம் வரை இந்த உடல் பலவீனத்தால வர்றதுதான், அதிகமா மோதுறதால இல்லன்னு 2003ல ஒரு ஆய்வு கணக்குப் போட்டுச்சு. 16 வயசுக்காரர் அடுத்தவங்களையும் சேர்த்து ஆபத்துல தள்ளுறார். வயசானவர் பெரும்பாலும் தன்னைத்தான்.

பெரும்பாலும்னுதான் சொல்றேன். 2019 ஏப்ரல்ல டோக்கியோவோட இகெபுகுரோ பகுதியில 87 வயசுக்காரர் ஓட்டின கார் மோதி ஒரு அம்மாவும் அவங்களோட மூணு வயசு மகளும் இறந்தாங்க. பிரேக்குக்குப் பதிலா ஆக்ஸிலரேட்டரை மிதிச்சிட்டார்னு கோர்ட் முடிவு பண்ணி அஞ்சு வருஷ தண்டனை கொடுத்துச்சு. அந்த வருஷம் மட்டும் ஜப்பான்ல சுமார் ஆறு லட்சம் பேர் தாங்களாவே லைசென்ஸைத் திருப்பிக் கொடுத்தாங்க.

அப்போ ஒரு வயசுக்கு மேல எல்லாரையும் டெஸ்ட் பண்ணி நிறுத்திடலாமா? டென்மார்க் 2006ல 70 தாண்டினவங்களுக்கு ஞாபகசக்தி, சிந்தனைத் திறன் பரிசோதனை கொண்டு வந்துச்சு. அப்புறம் ஆராய்ஞ்சு பார்த்தா, வயசான டிரைவர்களோட பாதுகாப்புல முன்னேற்றம் எதுவும் தெரியல. மாறா, நடந்தும் சைக்கிள்லயும் போன முதியவர்களோட சாவு கூடியிருந்துச்சு. காரை விட்டு இறக்கிட்டோம், ஆனா அவங்க வெளியே போறதை நிறுத்தல. நம்ம ஊர் பிளாட்பாரத்தை யோசிச்சுப் பாருங்க. வண்டி ஓட்டுறதை நிறுத்தின முதியவர்களுக்கு மனச்சோர்வு அறிகுறிகள் வர்ற வாய்ப்பு கிட்டத்தட்ட ரெண்டு மடங்குன்னும் ஆய்வுகள் சொல்லுது. "இனிமே நீங்க ஓட்ட வேண்டாம்ப்பா"ங்கிற வார்த்தைக்கு அப்படி ஒரு விலை இருக்கு.

சரி, ப்ரோவோட மதுரைப் பயணத்துக்கு வருவோம். 67 வயசுல வயசைக் கேட்காதீங்க, குறிப்பான சில விஷயங்களைக் கேளுங்க. அறுபது வயசுக் கண்ணுக்குள்ள போற வெளிச்சம், இருபது வயசுக் கண்ணுக்குப் போறதுல மூணுல ஒரு பங்குதான். எதிர்ல ஹை பீம் அடிச்சா மீள நேரமாகும். கண்புரை இருக்கா, கடைசியா எப்போ செக் பண்ணார்? சர்க்கரைக்கு ஊசி போடுறாரா, சாப்பிடாம ஓட்டுவாரா? தூக்கம் வர வைக்கிற மாத்திரை எதாவது? ஹைவேல நேரா போறதை விட மீடியன் இடைவெளியில யூ டர்ன் அடிக்கிறதுலதான் வயசானவங்க தடுமாறுவாங்க, எதிர்ல வர்ற வண்டியோட வேகத்தைக் கணிக்கணும்ல. அங்கே அவர் எப்படி ஓட்டுறார்னு பக்கத்துல உட்கார்ந்து பாருங்க.

உடனே "அப்போ இராத்திரி நான் ஓட்டுறேன்"னு சொல்லாதீங்க. அமெரிக்காவில் வடக்கு கரோலினா மாகாணத்துல, டிரைவர் தூங்கிப் போனதால நடந்த விபத்துகளை 1995ல தொகுத்தாங்க. உச்சம் 20 வயசுல. பாதிக்கும் மேல 25 வயசோ அதுக்குக் கீழயோ இருந்தவங்க. வெள்ளிக்கிழமை சாயங்காலம் வரை ஸ்டாண்ட்-அப், ரிலீஸ், கால்னு ஓடிட்டு இராத்திரி பதினொரு மணிக்கு ஸ்டீயரிங் பிடிக்கிற நாம, உளுந்தூர்பேட்டை தாண்டும்போது எந்த நிலைமையில இருப்போம்னு உங்களுக்கே தெரியும்.

சனிக்கிழமை காலை அஞ்சரைக்குக் கிளம்புங்க. விழுப்புரம் வரை அப்பா, அங்கே டிபன் முடிச்சிட்டு திருச்சி வரை நீங்க, அப்புறம் யாருக்குத் தெம்பு இருக்கோ அவங்க. அவர் ஓட்டும்போது சீட் பெல்ட் அவருக்குத்தான் உங்களை விட முக்கியம். அடுத்த கார் வாங்கினா சன்ரூஃபுக்கு முன்னாடி ஏர்பேக் எத்தனைன்னு பாருங்க.

அடுத்த வாரம் அந்த ஹை பீம் சமாச்சாரம்: வெள்ளை எல்இடி ஹெட்லைட் ஏன் இப்படிக் கண்ணைக் குத்துது, அதுல எது சட்டப்படி சரின்னு பேசலாம். உங்க வீட்ல சாவிக்குச் சண்டை நடந்தா வாய்ஸ் நோட் அனுப்புங்க, ஒரு நிமிஷத்துக்குள்ள.