ஏழு முறை ஊரை இழந்தவர்கள்... மரத்தூளால் குளிரை விரட்டிய கதை!

உங்கள் வீட்டில் தாத்தா, பாட்டி இருந்தால் ஒரு கேள்வி கேட்டுப் பாருங்கள். 'மரத்தூள் அடுப்பு தெரியுமா?'

கேஸ் சிலிண்டர் வீட்டுக்கு வீடு வருவதற்கு முந்தைய காலம் அது. மரம் அறுக்கும் மில்லிலிருந்து மூட்டையில் தூள் வாங்கி வருவார்கள். தகர அடுப்பின் நடுவில் ஒரு பாட்டிலை நிறுத்தி, சுற்றிலும் தூளை இறுக்கமாகத் திணித்து, பாட்டிலை மெதுவாக உருவி எடுப்பார்கள். கீழே நெருப்பு வைத்தால் போதும். மணிக்கணக்கில் நின்று எரியும்.

அதே மரத்தூளை வைத்து ஓர் ஊரையே சூடாக்க முடியுமா? கனடாவில் ஒரு பழங்குடி கிராமம் அதைச் செய்துகாட்டியது. அந்த ஊரின் பெயர், ஊஜே-பூகூமூ.

விரட்டி விரட்டி அடித்தார்கள்!

கனடாவின் கியூபெக் மாகாணத்தில், மான்ட்ரியல் நகரிலிருந்து சாலை வழியாக 700 கிலோமீட்டருக்கும் அப்பால் இருக்கிறது இந்த ஊர். இங்கே வாழ்பவர்கள் க்ரீ பழங்குடி மக்கள். வேட்டையும் மீன்பிடிப்பும்தான் அவர்களின் பாரம்பர்யத் தொழில்.

பிரச்னை, மண்ணுக்கு அடியில் இருந்தது. தங்கமும் தாமிரமும்! சுரங்க கம்பெனிகள் வந்தன. 1920-களில் தொடங்கி சுமார் 50 ஆண்டுகளில் ஏழு முறை இவர்களின் குடியிருப்பு இடம் மாற்றப்பட்டது. 1970-ல் கடைசிக் குடியிருப்பும் இடிக்கப்பட்டது. பிறகு காட்டுச் சாலைகளின் ஓரமாக, குடிசைகளிலும் தற்காலிகக் கொட்டகைகளிலும் சிதறி வாழ்ந்தார்கள். குழாய்த் தண்ணீர் இல்லை, மின்சாரம் இல்லை. ஜனவரியில் மைனஸ் 30 டிகிரிக்குக் கீழே போகும் குளிர் மட்டும் இருந்தது.

1975-ல் க்ரீ மக்களுக்கும் அரசுக்கும் பெரிய ஒப்பந்தம் ஒன்று கையெழுத்தானது. அதிலும் இவர்கள் தனிச் சமூகமாகச் சேர்க்கப்படவில்லை. ஏபெல் போசம் என்ற தலைவரின் கீழ் போராடினார்கள், பேச்சுவார்த்தை நடத்தினார்கள். 1989-ல் கியூபெக் அரசோடும், 1992-ல் கனடா அரசோடும் ஒப்பந்தம் ஏற்பட்டது. ஒபேமிஸ்கா ஏரிக்கரையில் புது ஊர் எழுந்தது. வடிவமைத்தவர், புகழ்பெற்ற பழங்குடி கட்டடக் கலைஞர் டக்ளஸ் கார்டினல். 'மக்கள் கூடும் இடம்' என்பதுதான் ஊஜே-பூகூமூ என்ற பெயருக்குப் பொருள்.

மில்லில் கிடந்த பதில்

ஊர் கிடைத்துவிட்டது. அதைச் சூடாக வைத்திருப்பது எப்படி?

டீசலோ ஹீட்டிங் ஆயிலோ வாங்கினால், லாரி வாடகையோடு சேர்த்துக் காசு ஊரைவிட்டுப் போய்க்கொண்டே இருக்கும். கியூபெக்கில் பெரும்பாலான வீடுகளைப் போல மின்சார ஹீட்டர் வைக்கலாம். ஆனால், அந்த மின்சாரத்துக்காகக் கட்டப்பட்ட அணைகள்தான் க்ரீ மக்களின் வேட்டைக் காடுகளை மூழ்கடித்திருந்தன.

பதில் பக்கத்திலேயே இருந்தது. சுமார் 25 கிலோமீட்டர் தூரத்தில் உள்ள ஷாப்பே என்ற ஊரில் பெரிய மர அறுவை மில். அங்கே மரத்தூள் குவிந்துகொண்டிருந்தது. அப்படிக் குவியும் தூளை மழையில் நனையவிட்டால், சாறு இறங்கி நீர்நிலைகளைக் கெடுக்கும். குவியலுக்குள் சூடேறித் தானாகவே தீப்பிடிப்பதும் உண்டு. மில்லுக்கு அது தலைவலி. ஊஜே-பூகூமூவுக்கு அதுவே எரிபொருள்!

ஊருக்கே ஒரே அடுப்பு

இதில் ரகசியம் எதுவும் இல்லை. ஊருக்குப் பொதுவாக ஒரே ஒரு கொதிகலன் கூடம். லாரியில் வரும் மரத்தூள் அங்கே எரிந்து தண்ணீரைச் சூடாக்கும். வெப்பம் வெளியேறாதபடி உறை போட்ட குழாய்கள் மண்ணுக்கு அடியில் ஊர் முழுக்க ஓடும். அவற்றின் வழியே வெந்நீர் ஒவ்வொரு கட்டடத்துக்கும் போய், வெப்பத்தைக் கொடுத்துவிட்டு, ஆறிப்போய்க் கொதிகலனுக்கே திரும்பும். வீடு சூடாகும், குளிக்க வெந்நீரும் கிடைக்கும். கடுங்குளிரில் தேவை எகிறினாலோ, கொதிகலன் பழுதானாலோ கைகொடுக்க ஆயில் கொதிகலனும் வைத்தார்கள்.

வீட்டுக்கு வீடு விறகு எரித்தால், வீட்டுக்கு வீடு புகை. ஒரே இடத்தில் அதிக வெப்பத்தில் முழுமையாக எரித்தால் புகை குறையும். புகைபோக்கியைக் கண்காணிப்பதும் சுலபம்.

எல்லாவற்றையும்விட முக்கியமானது, இந்த அமைப்பு ஊருக்குச் சொந்தம் என்பது. வெப்பத்துக்காக மக்கள் கட்டும் பணம் ஊருக்கே திரும்பி வரும். மண்ணிலிருந்து தங்கம் போனது, காட்டிலிருந்து மரம் போனது. இந்த ஒரு விஷயத்திலாவது, போன மரத்தில் கொஞ்சம் தூளாகத் திரும்பி வந்தது! 1995-ல், ஐ.நா-வின் 50-வது ஆண்டையொட்டி உலகெங்கும் தேர்ந்தெடுக்கப்பட்ட 50 முன்மாதிரிச் சமூகங்களில் ஊஜே-பூகூமூவும் இடம்பிடித்தது.

அலாஸ்கா பள்ளியின் கணக்கு வேறு

இதேபோல இன்னொரு ஊர், அமெரிக்காவின் அலாஸ்காவில் உள்ள டோக். 1990-ல் பெரும் காட்டுத்தீ இந்த ஊரை நெருங்கி வந்து மிரட்டியது. அதன் பிறகு, வீடுகளைச் சுற்றி நெருக்கமாக வளரும் சின்ன மரங்களை வெட்டி அகற்ற வேண்டியிருந்தது. பலகைக்கு உதவாத அந்த மரங்களைச் சில்லுகளாக்கி எரிக்கும் கொதிகலன், 2010-ல் டோக் பள்ளிக்கு வந்தது. தீயைப் பரப்பும் என்று பயந்த மரம்தான் இப்போது வகுப்பறையைச் சூடாக்குகிறது. அந்த வெப்பத்தில் பசுமைக்குடில் அமைத்துக் காய்கறியும் வளர்த்தார்கள்.

மரம் எரித்தாலே பசுமையா?

இல்லை! மரம் எரியும்போது கார்பன் டை ஆக்ஸைடு வெளியேறத்தான் செய்யும். மில் கழிவு எப்படியும் மக்கி அதே வாயுவை வெளியிடப்போகிறது என்பதால்தான் அதை எரிப்பதில் நியாயம் இருக்கிறது. எரிப்பதற்காகவே பச்சை மரத்தை வெட்டினால் கணக்கு தலைகீழாகிவிடும். வடதுருவத்தை ஒட்டிய காடுகளில் மரம் மீண்டும் வளர்ந்து நிற்கப் பல பத்தாண்டுகள் ஆகும்.

இன்னொரு சிக்கலும் உண்டு. மில் மூடினால் தூள் இல்லை. தூளுக்கு வேறு இடத்தில் நல்ல விலை கிடைத்தாலும், அது இங்கே வராது. அதனால் கழிவை நம்பும் ஊருக்கு, எப்போதும் கையில் இரண்டாவது வழி ஒன்று இருக்க வேண்டும். ஊஜே-பூகூமூவின் ஆயில் கொதிகலன் அப்படி ஒன்றுதான்.

ஏழு முறை இடம் மாறியபோது, அந்த மக்களை யாரும் கேட்கவில்லை. அடுப்பில் எதை எரிப்பது என்பதை மட்டும் அவர்களே முடிவு செய்தார்கள். மைனஸ் 30 டிகிரியில் அது சின்ன விஷயம் இல்லை!